தம்பி மெல்போர்னில் வாங்கிய ஆட்டோமேட்டிக் ஆர்எக்ஸ்-8

சித்தப்பா பையன் மெல்போர்னில் ஒரு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கியிருக்கிறான். 2005 மாடல், செகண்ட் ஹேண்ட், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கடைசியாகச் சொன்ன அந்த ஆட்டோமேட்டிக் என்ற வார்த்தையைக் கேட்டதும் கார் பைத்தியம் பிடித்த நண்பர்கள் எல்லாரும் முகத்தைச் சுளிக்கிறார்கள். ரோட்டரி இன்ஜின் ஸ்போர்ட்ஸ் காரை யாராவது ஆட்டோமேட்டிக்கில் வாங்குவார்களா, அதற்குப் பேசாமல் ஒரு கொரோல்லா வாங்கியிருக்கலாமே என்று. வாங்கியவன் அங்கே இருந்தாலும், பார்த்து, கேட்டு, அளவு சரிபார்த்து "எடுத்துக்கோ" என்று சொன்னவன் காவேரிப்பட்டணத்தில் உட்கார்ந்திருக்கும் நான்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் தனித்தனியாகப் பதில் சொல்லி விரல் வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு ஓசூரிலோ தர்மபுரியிலோ இந்தக் காரைத் தேடாதீர்கள். நம் ஊரில் மாஸ்டா என்றால் ஸ்வராஜ் மாஸ்டா ஸ்கூல் வேன்தான். பழைய காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமானால் அது தயாராகி 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது இங்குள்ள விதி. ஆர்எக்ஸ்-8 உற்பத்தி 2012-லேயே நின்றுவிட்டது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

தம்பி பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவன். வீட்டில் சித்தப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இன்னும் ஓடுகிறது, அதன் சத்தத்திலேயே வளர்ந்தவன். மெல்போர்ன் போய்ச் சேர்ந்து கொஞ்சம் காசு சேர்ந்ததும் "அண்ணா, ஆர்எக்ஸ்-8 ஒண்ணு பாக்கறேன்" என்றான். சித்தப்பா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு "அங்கேயும் யமஹாதானா?" என்றார். ஆட்டோமேட்டிக் என்று அவன் முடிவெடுத்ததற்குப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. அவன் மனைவி ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டுவாள், வீட்டில் இரண்டாவது கார் நிறுத்த இடமில்லை, அப்புறம் அதே வருடம் அதே கிலோமீட்டர் ஓடிய மானுவல் காரைவிட ஆட்டோமேட்டிக் நன்றாகவே விலை குறைவு. எல்லாரும் வேண்டாம் என்று ஒதுக்குவதால்தான் அந்த விலை.

எனக்கு வேலை ஓசூர் பக்கம் ஒரு கியர் தயாரிக்கும் தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவில். கியர்பாக்ஸ் தெரியும், ரோட்டரி இன்ஜினை நேரில் பார்த்ததே இல்லை. அதனால் அவன் கேட்டதும் ஆர்வத்தில் ராத்திரி எல்லாம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, இந்த இன்ஜின் மேல் ஒரு பிரியமும் ஒரு பயமும் சேர்ந்தே வந்தது.

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கனெக்டிங் ராடும் கிடையாது. மூன்று பக்கமும் கொஞ்சம் உப்பிய ஒரு முக்கோண இரும்புத் துண்டு, அதற்குப் பெயர் ரோட்டர், ஒரு முட்டை வடிவக் கூட்டுக்குள் சுற்றுகிறது. பழைய ஆட்டுக்கல்லில் குழவி எப்படித் தானும் சுழன்றுகொண்டு குழியின் ஓரத்தையும் ஒட்டி வருமோ, ஏறக்குறைய அந்த ஓட்டம். முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் தனித்தனி அறைகள். ஒரு அறை காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும்போது இன்னொன்று அழுத்தி எரிக்கும், மூன்றாவது புகையை வெளியே தள்ளும். ரோட்டர் ஒரு சுற்று வருவதற்குள் நடுவில் இருக்கும் ஷாஃப்ட் மூன்று சுற்று வந்துவிடும். அதாவது மீட்டரில் 9,000 ஆர்பிஎம் காட்டினாலும் உள்ளே ரோட்டர் 3,000தான். மேலும் கீழும் அடிக்கும் பாகம் எதுவும் இல்லாததால் அந்த வேகத்திலும் அதிர்வு குறைவாகவே ஓடுகிறது.

இந்த முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஒவ்வொரு மெல்லிய பட்டை இருக்கிறது, ஏபெக்ஸ் சீல் என்பார்கள். பிஸ்டன் ரிங் செய்யும் வேலையை இங்கே செய்வது இதுதான். கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓட வேண்டும், ஓடும்போது அதற்கு ஆயில் வேண்டும், அந்த ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போகும். ரோட்டரியின் எல்லா வியாதியும் இந்தப் பட்டையைச் சுற்றித்தான். 1960-களில் மாஸ்டா இதை எடுத்துச் செய்தபோது சுவரில் அலை அலையாகக் கீறல் விழுந்ததாம். "சாத்தானின் நகக்கீறல்" என்று பெயர் வைத்துவிட்டு, கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் அலுமினியம் ஏற்றிய கார்பன் பட்டையில் தீர்வு கண்டு 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட்டை விற்பனைக்கு விட்டார்கள். இன்ஜினைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல், முதலில் காரில் வைத்து விற்றது என்எஸ்யு கம்பெனி, 1964-ல். ஆனால் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது ஜப்பான்காரன்தான். 1991-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டர் வைத்த மாஸ்டா 787பி ஜெயித்ததை யூடியூபில் பாருங்கள், ஹெட்போன் போட்டுக்கொண்டு.

ஆஸ்திரேலியாவில் இந்த இன்ஜினுக்குத் தனி மரியாதை உண்டு. ஆலன் மோஃபாட் 1983-ல் அவர்களுடைய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை மாஸ்டாவின் இன்னொரு ரோட்டரி காரான ஆர்எக்ஸ்-7 வைத்துத்தான் ஜெயித்தார். அந்தக் காலத்திலிருந்தே ரோட்டரிக்கென்று தனி ஒர்க்‌ஷாப்கள் அங்கே உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பக்கத்தில் ரோட்டரி பிரிக்கத் தெரிந்த ஆள் இல்லாத ஊரில் இருந்துகொண்டு இந்தக் காரை வாங்குவது தற்கொலைக்குச் சமம். தம்பி வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் அப்படி ஒரு கடை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நான் பேச்சையே மேலே நகர்த்தினேன்.

இப்போது ஆட்டோமேட்டிக் விஷயத்துக்கு வருகிறேன். சண்டையே இங்கேதான்.

ஆர்எக்ஸ்-8-க்குள் இருப்பது ரெனிசிஸ் என்ற இன்ஜின். 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், மொத்தம் 1,308 சிசி. நம் ஊர் ஸ்விஃப்ட் அளவுதான். ஆனால் மானுவல் காரில் இது 170 கிலோவாட், ஆட்டோமேட்டிக்கில் 141 கிலோவாட், இது ஆஸ்திரேலியாவில் விற்ற ஆரம்ப கார்களின் கணக்கு. மானுவல் 9,000 வரை சுற்றும், ஆட்டோமேட்டிக் 7,500-ல் நின்றுவிடும். கியர்பாக்ஸ் மட்டும் வேறு, இன்ஜின் ஒன்றே என்று நினைத்துவிடாதீர்கள். மானுவலில் வரும் இன்ஜினுக்குக் காற்று உள்ளே போக 6 வாசல் (போர்ட்), 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கில் வருவதற்கு 4 வாசல். 2006-க்கு மேல் வந்த 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக்கில் 6 வாசல் இன்ஜின் வைத்தார்கள், அது கொஞ்சம் சக்தி கூடுதல். தம்பி பார்த்தது எல்லாம் பழைய 4 ஸ்பீடு.

கேலி செய்கிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை. இந்த இன்ஜினின் சுகமே மேலே முறுக்குவதில் இருக்கிறது, அந்தக் கடைசி 1,500 ஆர்பிஎம்-ஐ வெட்டிவிட்டால் பாயசத்தில் முந்திரி போனது போலத்தான், வாங்கும்போதே தெரிந்துதான் வாங்குகிறோம். ஆனால் கீழே இந்த இன்ஜினுக்கு இழுவை ரொம்பக் குறைவு. ரோட்டரிக்காரர்களே இதை மறைப்பதில்லை. 3,000-க்குக் கீழே சோம்பிக் கிடக்கும். மானுவலில் அதை கிளட்ச்சைத் தேய்த்து சமாளிக்க வேண்டும், ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதிலாக வரும் டார்க் கன்வர்ட்டர் அந்தக் குறையை மூடிவிடுகிறது. சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் நகரத்தில் ஓட்டுவதற்கு எது வசதி என்று கேட்டால் நான் ஆட்டோமேட்டிக் என்றுதான் சொல்வேன். யார் வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம்.

தம்பிக்கு வேறு ஒரு நம்பிக்கை இருந்தது. "ஆட்டோமேட்டிக்னா பசங்க கையில சிக்கியிருக்காதுண்ணா, இன்ஜின் பிழைச்சிருக்கும்ல?" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சாதாரண காரில் மெதுவாக ஓட்டியவர் கை வண்டி என்றால் நாம் கண்ணை மூடிக்கொண்டு எடுப்போம். ரோட்டரியில் இது தலைகீழ். மெதுவாக, குறைந்த ஆர்பிஎம்-லேயே, பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்தே ஓட்டினால் எரிந்த ஆயிலும் கார்பனும் உள்ளே படியும். படிந்தது அந்தப் பட்டைகளின் இடுக்கில் போய் உட்கார்ந்து அவற்றை அசையவிடாமல் செய்யும். பட்டை இறுகினால் கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் காற்றை அழுத்தும் வலு, போச்சு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தன் இஷ்டத்துக்கு விட்டால் எப்போதுமே மேல் கியருக்குப் போய் ஆர்பிஎம்-ஐக் குறைத்து வைக்கத்தான் பார்க்கும். ஆக, பாட்டி கடைக்குப் போக வைத்திருந்த ஆட்டோமேட்டிக் ஆர்எக்ஸ்-8 கிடைத்தால் ஓடிவிடு என்றுதான் அவனிடம் சொன்னேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது, சூடு. மானுவல் கார்களில் இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்க இரண்டு கூலர், ஆரம்ப ஆட்டோமேட்டிக் கார்களில் ஒன்றுதான். மெல்போர்ன் கோடையில் ஒரு சில நாள் 40 டிகிரியைத் தாண்டும். டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளை நம்பக் கூடாது, அது நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டால் நிலைமை கெட்டுப் போகும் வரை அசையாது. அதனால் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் ஒரு ஓபிடி ரீடர் வாங்கிக்கொள், கூலன்ட் எத்தனை டிகிரி என்று போனிலேயே பார் என்றேன். அந்தச் சின்ன டப்பாவை வைத்துக்கொண்டுதான் அவன் கார் பார்க்கவே கிளம்பினான்.

முதலில் பார்த்த கார் வெள்ளை. படத்தில் பார்த்தால் சும்மா ஜொலிக்கும். பின் கதவு இரண்டும் எதிர்ப்பக்கமாகத் திறக்கும் கார் இது, நடுவில் தூண் கிடையாது, நான்கையும் திறந்து வைத்துப் படம் எடுத்தால் யாருக்கும் ஆசை வரும். தம்பி போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விற்பவர் ரொம்ப அன்பாகப் பேசினார், ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார், திரும்பி வந்ததும் "ஆஃப் செய்ய வேண்டாம், அப்படியே இருக்கட்டும், உள்ளே வாருங்கள் காபி குடிக்கலாம்" என்றார். அவ்வளவு அன்பு எதற்கு? நான் போனிலேயே "டேய், சாவியத் திருப்பு, ஆஃப் பண்ணு" என்றேன்.

ஏனென்றால் பட்டை தேய்ந்த ரோட்டரி காலையில் குளிரில் ஜம்மென்று ஸ்டார்ட் ஆகும். நன்றாகச் சூடேறி, ஆயில் இளகின பிறகுதான் அதன் யோக்கியதை வெளியே வரும். இருபது நிமிடம் ஓட்டி, ஆஃப் செய்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி சாவி போட வேண்டும். நல்ல இன்ஜின் டக்கென்று பிடிக்கும். அந்த வெள்ளைக் கார் ஸ்டார்ட்டர் மோட்டார் கதறக் கதறச் சுற்றியது, பிடிக்கவே இல்லை. விற்பவர் பேட்டரி பழசு என்றார். தம்பி பேட்டரியைப் பார்த்தான், புதுசு. நன்றி சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டான்.

இதில் ஒரு உபாயம் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். வாட்ஸப் வீடியோ காலில் இன்ஜின் சத்தம் கேட்டு முடிவு பண்ணாதீர்கள். பேச்சுச் சத்தத்தைத் தவிர மற்றதை இரைச்சல் என்று நினைத்து அதுவே வடிகட்டிவிடும். தனியாக வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் இந்தக் காரில் பெட்ரோல் வராது, இன்ஜின் பிடிக்காது, வெறும் காற்றை அழுத்தும் சத்தம் மட்டும் கேட்கும். அது ஒரே சீராக வர வேண்டும். நடுநடுவே ஒரு அடி குறைந்து நொண்டினால் ஏதோ ஒரு பட்டை போய்விட்டது என்று அர்த்தம்.

ஜீலாங்கிலிருந்து தினமும் மெல்போர்னுக்கு வேலைக்கு வந்துபோன ஒருவருடைய கார் அடுத்துக் கிடைத்தது. சாம்பல் நிறம், 1,18,000 கிலோமீட்டர், பெயின்ட் சுமார், டிரைவர் சீட்டின் ஓரத்தில் தோல் கிழிந்திருந்தது. படம் பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. எனக்குப் பிடித்தது அந்த ஓட்டம்தான். தினமும் போக வர நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் சூடேறி ஓடிய கார். ரோட்டரிக்கு எமன் குட்டிப் பயணம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு உடனே ஆஃப் செய்தால் போதும், உள்ளே போன பெட்ரோல் பட்டைகளில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், அடுத்த தடவை ஸ்டார்ட்டே ஆகாது. சர்வீஸ் சென்டரில் கார் கழுவ இரண்டு அடி நகர்த்தியே இதைச் செய்து வைப்பார்கள்.

ஹாட் ஸ்டார்ட்டில் அந்தக் கார் தேறியது. ஆனால் ஓட்டும்போது மேலே போகப் போக ஒரு தடுமாற்றம், இழுத்து இழுத்து விடுவது போல. எனக்கு அது பெரும்பாலும் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் என்றுதான் தோன்றியது. ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக், ஆக 4 பிளக், 4 காயில். எரியும் அறை நீளமாக, ஒடுக்கமாக இருப்பதால் ஒரு பிளக் பத்தாது. இந்தக் காயில்கள் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டினாலே சோர்ந்துவிடும். சும்மா பிக்கப் குறைவதோடு போவதில்லை, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை அடைத்து, அது அடைத்ததால் சூடு திரும்பி இன்ஜினையே பதம் பார்க்கும். காயில் விலை பெரிதல்ல, எத்தனை நாளாக அப்படி ஓட்டினார் என்பதுதான் கேள்வி.

அதனால் கம்ப்ரஷன் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டேன். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் இதற்கு உதவாது, மூன்று அறையில் எது பெரிதோ அதை மட்டும்தான் காட்டும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும், அந்தக் கடையில் இருந்தது. மாஸ்டாவின் கணக்குப்படி புது இன்ஜின் சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ அழுத்தம், 6.9-க்குக் கீழே போனால் இன்ஜின் முடிந்தது, ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் வித்தியாசம் 1.5-ஐத் தாண்டக் கூடாது, இரண்டு ரோட்டருக்கு இடையே 1-ஐத் தாண்டக் கூடாது. எல்லாம் ஸ்டார்ட்டர் 250 ஆர்பிஎம்-ல் சுற்றும்போது, சூடான இன்ஜினில். கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேகமாகச் சுற்றும் புது ஸ்டார்ட்டர் போட்டால் செத்த இன்ஜின்கூட நல்ல எண் காட்டும், பேட்டரி இறங்கியிருந்தால் நல்ல இன்ஜின்கூட ஃபெயில் ஆகும். தினமும் அளவுக்கருவியோடு மல்லுக்கட்டுகிற பிழைப்பு எனக்கு, எந்த நிலையில் எடுத்த அளவு என்று எழுதாத ரிப்போர்ட்டைப் பார்த்தாலே கை அரிக்கும். அந்தக் கடைக்காரர் ஆர்பிஎம்-ஐயும் எழுதி, 250-க்குத் திருத்திய கணக்கும் போட்டுக் கொடுத்திருந்தார். முகம் தெரியாத அந்த மனிதர் மேல் அப்போதே மரியாதை வந்துவிட்டது.

முன் ரோட்டர் 7.6, 7.4, 7.5. பின் ரோட்டர் 7.1, 7.3, 7.2. இளமையான இன்ஜின் இல்லை, ஆனால் ஆறும் ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கிறது. ஒரு பட்டை மட்டும் போனால் இப்படி வராது. எல்லாம் சேர்ந்து சீராகத் தேய்ந்திருக்கிறது. இன்னும் சில வருடம் ஓடும், அதற்கப்புறம் பிரிக்க வேண்டி வரும், பிரித்துக் கட்டும் செலவு காரின் விலையையே எட்டும். அதைத் தெரிந்துகொண்டு, அந்தப் பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றான். முடியாது என்று சொல்லியிருந்தால் கொரோல்லா வாங்கச் சொல்லியிருப்பேன், மனசார.

கியர்பாக்ஸ் எனக்குப் பழக்கப்பட்ட ஏரியா என்பதால் அதில் கொஞ்சம் கெடுபிடியாகவே இருந்தேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு பார்க்கிலிருந்து டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றி, எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது, தூக்கிப் போடுகிறதா என்று வீடியோ. மெதுவாக மிதித்து ஓட்டி ஒவ்வொரு கியரும் மாறும்போது ஆர்பிஎம் முள் தேவையில்லாமல் மேலே துள்ளுகிறதா என்று வீடியோ. அப்புறம் லிஃப்டில் ஏற்றி கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைக் காகிதத்தில் சொட்டச் சொன்னேன். செந்நிறம் மங்கி பழுப்பேறியிருந்தது, கருகிய வாடை இல்லை. மாற்ற வேண்டிய ஆயில்தான், கெட்டுப்போன கியர்பாக்ஸ் இல்லை. கார் கேலிக்குள்ளாவதே இந்தக் கியர்பாக்ஸினால்தான், பார்த்தால் அந்தக் காரிலேயே ஆரோக்கியமான பாகம் அதுதான்.

பேப்பர் வேலை அங்கே நம்மைவிடச் சுலபம். இங்கே ஆர்.சி. புக்கில் ஹைப்பாதிகேஷன் இருக்கிறதா, பைனான்ஸ்காரன் என்.ஓ.சி. கொடுத்தானா என்று கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் அலைகிறோம். அங்கே பிபிஎஸ்ஆர் என்று ஒரு அரசாங்கப் பதிவேடு, 2 டாலர் கட்டி நம்பரைப் போட்டால் காரின் மேல் கடன் இருக்கிறதா, திருட்டு வண்டியா, விபத்தில் கழித்துக்கட்டியதா என்று எல்லாம் வந்துவிடும். நம் எஃப்.சி. மாதிரி ஒரு ரோட்வொர்த்தி சான்றிதழ், அதை விற்பவர்தான் வாங்கித் தர வேண்டும். ஆனால் அதில் பிரேக், டயர், லைட் எல்லாம் பார்ப்பார்கள், இன்ஜின் கம்ப்ரஷனைப் பார்க்க மாட்டார்கள். சான்றிதழ் இருக்கிறது என்று ரோட்டரி வாங்கினால் நெற்றியில் நாமம்தான். டக்காட்டா கம்பெனியின் பழுதான ஏர்பேக்குகளைத் திரும்பப் பெறும் பட்டியலிலும் இந்தக் கார் உண்டு, மாற்றியாகிவிட்டதா என்று சேஸிஸ் நம்பர் வைத்துப் பார்க்கச் சொன்னேன், மாற்றியிருந்தார்கள்.

கேட்டது 8,500 டாலர். தடுமாற்றத்தையும் கிழிந்த சீட்டையும் காட்டி 7,200-க்கு முடித்தான், நம் பணத்தில் ஏறக்குறைய 4 லட்சம். பேரம் பேசுவதில் அவன் சித்தியைக் கொண்டிருக்கிறான், சித்தி மாங்காய் மண்டியில் பேசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காயில் நான்கும், பிளக் நான்கும், ஒயரும் மாற்றியதும் தடுமாற்றம் போய்விட்டது. பிளக்கில் மட்டும் கவனம் வேண்டும், மேலே கீழே இரண்டும் வேறு வேறு ரகம், மாற்றி மாட்டிவிடக் கூடாது.

இந்த இடத்தில் ராயக்கோட்டை ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சித்தப்பாவின் ஆர்எக்ஸ் 100-ஐ இத்தனை வருடமாக உயிரோடு வைத்திருப்பது அவர்தான். ரோட்டரி இன்ஜின் பிரித்துப் போட்ட படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "வால்வு இல்ல, போர்ட்டுதான். ஆயிலக் குடிக்குது. அப்ப இதுவும் நம்ம டூ ஸ்ட்ரோக் சாதிதானப்பா" என்றார். நான்கு ஸ்ட்ரோக் கணக்கில்தான் ஓடுகிறது என்று விளக்கப் போனேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "பெட்ரோல்ல கொஞ்சம் டூடி ஆயில் கலந்து ஊத்தச் சொல்லு. வாரத்துக்கு ஒரு நாள் மெயின் ரோட்ல நல்லா முறுக்கச் சொல்லு, உள்ள இருக்கிற கரியெல்லாம் வெளிய வரட்டும்."

நான் இத்தனை ராத்திரி படித்ததன் சாரமே அதுதான். ஆர்எக்ஸ்-8-ல் ஒரு சின்ன பம்ப் இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பிலிருந்து இன்ஜின் ஆயிலையே எடுத்துப் பட்டைகளுக்குச் சொட்டுகிறது. ஆரம்ப மாடல்களில் அந்தச் சொட்டு போதவில்லை, பின்னால் வந்த கார்களில் ரோட்டருக்கு இன்னொரு துவாரம் கூடுதலாக வைத்தார்கள். அதனால் பம்பை நம்பாமல் லிட்டருக்கு நாலைந்து மில்லி டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவது உலகம் முழுக்க ரோட்டரிக்காரர்களின் பழக்கம். கம்பெனி சொன்னதல்ல, ஓட்டுகிறவர்கள் கண்டது. நம் ஆர்எக்ஸ் 100 ஆட்களும் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கலந்துதானே ஊற்றுகிறார்கள்? தம்பி பெட்ரோல் பங்க்கில் குட்டி டப்பாவை எடுத்து அளந்து ஊற்றுவதைப் பார்த்து அங்கே ஒருவர் புல்வெட்டும் மெஷினுக்கா என்று கேட்டாராம்.

முறுக்கும் விஷயத்தில்தான் ஆட்டோமேட்டிக்குக்குத் தனி ஒழுக்கம் வேண்டும். டிரைவில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் அது 3,000-த்தைத் தாண்டாமலேயே ஊரைச் சுற்றி வரும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, கையால் கியர் மாற்றும் மோடுக்கு வந்து, இரண்டாவதிலோ மூன்றாவதிலோ பிடித்து 7,000 வரை ஒரு தடவை விட வேண்டும். தினமும் செய்தால் நல்லது. அவன் மனைவிக்குத் தான் இதைப் புரிய வைப்பது பெரும்பாடாக இருந்ததாம், சத்தம் கேட்டால் வண்டி உடைந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்றான். அப்புறம் ஒரு நாள் அவளே ஃப்ரீவேயில் ஏறும் வளைவில் முறுக்கிவிட்டு வந்து, "இதுக்குத்தானா இவ்ளோ நாள் உயிர வாங்கின" என்று கேட்டிருக்கிறாள். இப்போது சாவி அவளிடம்தான் இருக்கிறது.

பெட்ரோல் செலவைப் பற்றிக் கேட்காதீர்கள். லிட்டருக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர். அதுவும் பிரீமியம் பெட்ரோல். சித்தப்பா அதைக் கேட்டதிலிருந்து அவனிடம் காரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார், "நிப்பட்டு அனுப்பறேன், வேற ஏதாவது வேணுமா" என்று மட்டும் கேட்கிறார். ஆயிலும் இரண்டு தடவை டாங்க் நிரப்பினால் ஒரு தடவை ஸ்டிக் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும், பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை.

இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற நாள் குறித்தாயிற்று. பின் டயர் இரண்டும் 2016-ல் தயாரானவை, பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னபோதுதான் தெரிந்தது, டயர் பட்டன் தேயாமல் இருக்கிறது, ஆனால் ரப்பர் கல்லாகிவிட்டது. அவன் அதற்குள் டான்டினாங் மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று துடிக்கிறான். இந்த இன்ஜினுக்கு இறக்கத்தில் பிடித்து நிறுத்தும் சக்தி குறைவு, எல்லாம் பிரேக் தலையில்தான் விழும். தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் சூடேறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் டயர் மாற்றாமல் மலைப் பக்கம் போகாதே என்று சொல்லியிருக்கிறேன். "சரிண்ணா" என்றான். அவன் சரிண்ணா என்றால் போகப் போகிறான் என்று அர்த்தம், அதனால் அவன் மனைவிக்கும் ஒரு மெசேஜ் போட்டு வைத்திருக்கிறேன்.